ரயிலின் தாடை முன்னே வந்த கதை

1

இந்தக் கதையை நான் வாய் நிறைய மாவோடு கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு கதையில் ஓட்டை இருக்கிறது என்று யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

பல் மருத்துவர் பல் அளவெடுக்க ஓர் இரும்பு அச்சில் இளஞ்சிவப்பு மாவைக் குழைத்து நிரப்பி, என் மேல்வரிசைப் பற்களில் அழுத்தி, "அசையாம இருங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்றார். அசைய முடியாத ஆளைக் கண்டால் அவருக்குக் கதை சொல்ல வந்துவிடும் போலிருக்கிறது. மாவு இறுகும்வரை ஒரு பஸ் டிரைவரைப் பற்றிச் சொன்னார். கீழ்வரிசைக்கு மாவு வைத்தார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எனக்குக் கேட்க ஆயிரம் கேள்விகள். "ம்", "ம்ம்" தவிர ஒன்றும் வெளியே வரவில்லை. ஊமை கண்ட கனவு என்பார்களே, இது ஊமை கேட்ட கதை. கடைசியில் அச்சைப் பிடுங்கி எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "அருமையா விழுந்திருக்கு" என்று தன்னையே பாராட்டிக்கொண்டு, கதையைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். வாயைக் கொப்பளித்துத் திரும்புவதற்குள் அடுத்த ஆள் நாற்காலியில் ஏறிவிட்டார்.

நான் எதற்கு அங்கே போனேன் என்று கேட்பீர்கள். நான் குறட்டை விடுகிறேன் என்று என் மனைவி சொல்கிறாள்.* நான் விடுவதில்லை.

* என் மனைவி இந்தக் கதையின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதிவைக்கிறாள். அவற்றை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். நீக்கலாம்தான். ஆனால் நீக்கினால் வீட்டில்

(விடுகிறார். சந்தேகம் இருந்தால் இரண்டு வீடு தள்ளிக் கேளுங்கள். — மனைவி)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "பொழுது புலரும் வேளையில் நகரம் மெல்ல—" நகரம் மெல்ல எதையும் செய்ய வேண்டாம். அடித்துவிட்டேன்.

இரண்டு: "மனிதன் தன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கைத் தூங்கியே கழிக்கிறான்." சரியான தகவல். ஆனால் இப்படித் தொடங்குவதைப் படிக்கிறவன் மீதி இரண்டு பங்கையும் தூங்கிக் கழிப்பான்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.

டிப்போவில் அந்த டிரைவருக்கு ரயில் என்று பெயர். பஸ் ஓட்டுகிறவருக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்று புதிதாக வந்தவர்கள்தான் கேட்பார்கள். ஓய்வறையில் ஒரு மத்தியானம் அவர் பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பார்த்தால் போதும், தலையணையைத் தூக்கிக்கொண்டு நிறுத்திவைத்த பஸ்ஸுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார்கள். கண்டக்டர்கள் வாசலில் நின்று, "எந்த பிளாட்பாரம்ணே?" என்று கேட்பார்கள். ரயில் கோபப்பட மாட்டார். நம்பவும் மாட்டார். "நானும் அங்கதானேடா இருந்தேன், எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பார்.

அப்புறம் ஒரு நாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரம். சிக்னலில் சிவப்பு விழுந்தது, நிறுத்தினார். பச்சை விழுந்தது. பஸ் நகரவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தால், கால் பிரேக்கில், கை ஸ்டியரிங்கில், கண் மூடியிருக்கிறது.

"அண்ணே... அண்ணே, பச்சை."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ரயில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். "இதுவே வண்டி ஓடுறப்ப ஆயிருந்தா?" என்று கேட்டார். சாவியை யாரும் கேட்கவில்லை, அவராகவே கொடுத்துவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது.

3

(இந்தப் பகுதி கொஞ்சம் கட்டுரை மாதிரி இருக்கும். அவசரமாக இருப்பவர்கள் கடைசிப் பத்திக்குத் தாவலாம். தாவினால் அப்புறம் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.)

குறட்டை ஒரு வியாதி இல்லை. குறட்டைக்கு நடுவில் சத்தம் சட்டென்று நிற்கிறதே, அதுதான் வியாதி. படுத்ததும் தொண்டைச் சதை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு போகிற வழியை அடைத்துக்கொள்கிறது. மூளை பதறி எழுந்து ஆளை உலுக்குகிறது. அவர் ஒரு செருமல் செருமி மூச்சை இழுத்து, மறுபடி தூங்கி, மறுபடி அடைத்து, விடிய விடிய இதே கூத்து. காலையில் எழுந்தால் இரவெல்லாம் மூட்டை தூக்கியவன் மாதிரி உடம்பு. நித்திரை சுகம் அறியாது என்று சொல்லிவைத்தவர் இந்தத் தூக்கத்தைத் தூங்கிப் பார்த்ததில்லை.

ரயிலுக்கு முதலில் காற்றை ஊதுகிற மாஸ்க் மெஷின் கொடுத்தார்கள். நிறையப் பேருக்கு அது ஒத்துவருகிறது. இவர் தூக்கத்திலேயே அதைக் கழற்றி, ஒவ்வொரு காலையிலும் வீட்டின் வேறொரு மூலையில் கிடக்கும்படி எறிந்துவைத்தார். கடைசியில் தூக்க மருத்துவர் அவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

பல் மருத்துவர் கொடுப்பது ஒரு பிளேட். மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில், அவரவர் பல்லுக்கு அளவெடுத்துச் செய்தது. இன்னொருத்தர் வாயில் நுழையாது. இரண்டையும் பக்கவாட்டில் சின்னத் திருகுகள் இணைக்கின்றன. மாட்டிக்கொண்டு படுத்தால் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும், நாக்கும் கூடவே வரும், தொண்டை அடைபடாது. ஒரு குட்டிச் சாவியால் திருகைத் திருப்பத் திருப்ப, தாடை மயிரிழை மயிரிழையாக முன்னேறும். அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும், தாடை நகராதா?

தூக்க மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பிளேட்டை மாட்டி, உடம்பில் கருவியைக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே ஓர் இரவு தூங்கிப் பார்க்கிற பரிசோதனை, சரியாக வராவிட்டால் இன்னும் ஒன்று. அதில் இரவுத் தூக்கம் ஒழுங்காகி, பகல் தூக்கம் போயிருந்தால் பஸ் ஓட்டக் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் டிப்போவில், பயணிகள் விட்டுச் சென்ற குடைகளை வாங்கி வைக்கும் ஜன்னலில், ஓய்வுபெறும்வரை. ரயில் அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

4

இப்போது அவர் மனைவி. இங்கேதான் நான் வழுக்கினேன்.

முதல் பிரதியில் அந்தப் பெண், குறட்டை தாங்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து படுக்கிறாள், காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறாள், சுவரைப் பார்த்துத் திட்டுகிறாள். ஒரு முழுப் பக்கம். எழுதும்போது நானே சிரித்தேன். நானே சிரித்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். நினைவுபடுத்திப் பார்த்தேன். கீழ்வரிசை மாவு இறுகிக்கொண்டிருந்தபோது மருத்துவர் சொன்னார்: "அந்தம்மா இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட வேற ரூம்ல படுத்ததில்லையாம்."

ஏன்? சத்தத்தில் படுத்துக்கிடக்க அவளுக்கு என்ன வேண்டுதல்?

(சத்தம் இருக்கும்வரை தூங்கலாம். அது நின்றால்தான் தூக்கம் போகும். — மனைவி)

பென்சிலில் இதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். "அப்ப நீயும் ராத்திரியில என்னை..." என்றேன். "பால் பொங்கப்போகுது, தள்ளுங்க" என்றாள். பாலை அடுப்பில் வைக்கவே இல்லை. நான் திரும்பி வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆகவே, திருத்திய மனைவி. ஒரு தையல் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து முடித்த சட்டைகள் மேசைக்கு வரும். காலர், கை, பக்கத் தையல் என்று விரலை ஓடவிடுவாள். எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே விரல் தானாக நின்றுவிடும். கண் அதற்குப் பிறகுதான் வரும். வாய் தன் பாட்டுக்குப் பக்கத்து மேசையோடு பேசிக்கொண்டிருக்கும்.

வீட்டிலும் அந்தக் கைதான். பக்கத்தில் குறட்டை ஓடிக்கொண்டிருக்கும்வரை அவள் நிம்மதியாகத் தூங்குவாள். மனுஷன் உயிரோடு இருக்கிறார், அதற்குச் சாட்சியாகச் சத்தம் இருக்கிறது. சத்தம் நின்றதும் அவள் கை எழுந்து அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டும். அவர் செருமுவார், மூச்சை இழுப்பார், ரயில் கிளம்பும். அவள் முழுதாக விழிப்பதுகூட இல்லை. கல்யாணமான புதிதில் பயந்து பயந்து தட்டியது, பிறகு பழகிப்போயிற்று. காலையில் அவளுக்கே ஞாபகம் இருக்காது. அவரிடம் சொன்னதும் இல்லை.

(அவருக்கு 'அவர்', அவளுக்கு 'அவள்'. ஏனாம்? — மனைவி)

நியாயம். மாற்றி எழுதிப் பார்த்தேன். இரண்டு பேரும் 'அவர்' ஆனதும் யார் யாரைத் தட்டினார் என்று எனக்கே குழம்பிவிட்டது. இந்த ஒரு கதைக்கு மன்னித்துவிடுங்கள்.

5

பிளேட் வந்தது. முதல் வாரம் தலையணையெல்லாம் எச்சில். காலையில் பல்லோடு பல் சேராது, எதையும் கடிக்க வராது, வீட்டுக்குள் உம்மென்று உட்கார்ந்திருப்பார். பிளேட்டை மாட்டிக்கொண்டு பேசினால் எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாகிவிடும். "விளக்கை அணை" என்று அவர் சொன்னதைக் கேட்டு அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் கட்டிலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஆனால் குறட்டை நின்றுவிட்டது. துடைத்துவிட்ட மாதிரி நின்றுவிட்டது. மாடி வீட்டுப் பெண் படியில் பார்த்து, "அண்ணன் ஊர்ல இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். வியாதி, வைத்தியம், குணம், சுபம். ஆனால் ரயிலுக்குப் பகல் தூக்கம் போகவில்லை. பேப்பரை விரித்தால் தலைப்பைத் தாண்டவில்லை. முன்னாலாவது அரைமணி உட்கார்ந்திருப்பார், இப்போது அதுவும் இல்லை. பல் மருத்துவர், "இன்னும் கொஞ்சம் முன்னால வரணும் போல" என்று திருகைத் திருப்பச் சொன்னார். திருப்பினார்கள். தாடை வலித்தது. பரிசோதனை செய்தார்கள். மூச்சு அழகாகப் போகிறது, தூக்கம் மட்டும் கந்தலாகக் கிழிந்து கிடக்கிறது என்று வந்தது. மருத்துவர் தலையைச் சொறிந்தார். இன்னும் திருப்பினார்கள். பிளேட் செய்து தரும் லேப்காரர் போன் போட்டு, "டாக்டர், இதுக்கு மேல தள்ளுனா தாடை தனியா பஸ் ஏறிப் போயிடும்" என்றார்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரிசோதனை. ரயில் இப்போது குடை ஜன்னலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பவில்லை, நின்று உள்ளே பார்த்தார். அதைக் கேள்விப்பட்ட அவர் மனைவி, அடுத்த தடவை பல் மருத்துவரிடம் தானும் கூடவே கிளம்பினாள்.

6

இந்தக் காட்சியின் முதல் பிரதியில் பல் மருத்துவர் மோவாயைத் தடவி, கண்ணைச் சுருக்கி, எல்லாவற்றையும் யோசித்துக் கண்டுபிடிக்கிறார். அவர் எனக்குச் சொன்னபோதும் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார். நான் அவரை நம்பவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகத் தற்செயலாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

காத்திருக்கும் அறை. மத்தியானம். பிளேட்டை மாட்டிப் பார்க்கச் சொல்லியிருந்ததால் ரயில் அதை மாட்டிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போலத் தூங்கிப்போனார். சத்தமே இல்லாத, குழந்தைத் தூக்கம். பக்கத்தில் மனைவி ஒரு பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கை எழுந்து அவர் தோளில் தட்டியது. அவர் திடுக்கிட்டு விழித்தார், சுற்றிப் பார்த்தார், மறுபடி கண்ணை மூடினார். அவள் ஒரு பக்கம் புரட்டினாள். கை எழுந்தது. தட்டியது.

மருத்துவர் கையுறையோடு வெளியே வந்தார்.

"அம்மா, இப்ப எதுக்கு அவரை எழுப்புனீங்க?"

"நான் எங்க எழுப்புனேன்?"

"இப்பத்தான். அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை."

அவள் தன் கையைப் பார்த்தாள். அது இன்னும் அவர் தோள்மேல்தான் இருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டது.

ரயில் பிளேட்டைக் கழற்றினார். "ஏம்மா, ராத்திரியிலும் இப்படியா?"

"சத்தம் நின்னா தட்டுவேன்."

"இப்பத்தான் சத்தமே கிடையாதே."

"அதான்..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "அதான் விடிய விடிய தட்டுறேன் போல."

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். டோக்கன் கொடுக்கிற பெண்ணும் சிரித்தாள். ரயிலுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. தாடையை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தும் ஆகாத காரியம், இந்த ஒரு கையில் சிக்கிக் கிடந்திருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை.

"முன்னாடி மூச்சு விட்டா சத்தம் இருக்கும், நின்னா இருக்காது. இப்ப விட்டாலும் சத்தம் இல்ல, விடலைன்னாலும் சத்தம் இல்ல. நான் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

ரயில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா தட்டிக்கிட்டே இருக்கியா?"

"வேற என்ன பண்றது? காலையில நீங்க எழுந்திருக்கணுமில்ல?"

"அப்ப நீ எப்பத்தான் முழுசாத் தூங்குவே?"

"வேலைக்குப் போற பஸ்ல."

"என் பஸ்லயா?"

"உங்க பஸ்ல எப்படித் தூங்குறது? நீங்க முழிச்சிருக்கீங்களான்னு பாக்கணும்."

மருத்துவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வழி சொன்னார். "கடைசி டெஸ்ட் அன்னிக்கு மட்டும் நீங்க யார் வீட்டுக்காவது போயிடுங்கம்மா. தட்ட ஆள் இல்லைன்னா ரிசல்ட் நல்லா வந்துடும்."

"தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்றாள் உடனே. அவளுக்கு அவர் அந்த ஜன்னலில் உட்காரக்கூடாது. அது போதும்.

"வேண்டாம்" என்றார் ரயில். "இவ போனா டெஸ்ட் பாஸாகும். மறுநாள் வீட்டுக்கு வருவா. மறுபடி தட்டுவா. நான் மறுபடி சிக்னல்ல தூங்குவேன். பிள்ளைங்க ஏறுற வண்டி, டாக்டர். இவ பக்கத்துல படுத்திருக்கிறப்ப நான் தூங்குறேனான்னுதான் பாக்கணும்."

ஆக, அவர் தூக்கத்துக்கான பரிசோதனை அவள் கைக்கான பரிசோதனையாகிவிட்டது. இங்கேதான் என் வாயிலிருந்த மாவு இறுகியது. மருத்துவர் அச்சைப் பிடுங்கினார்.

7

முடிவுகள், வரிசையாக.

முதல் முடிவு. பாஸாகிவிடுகிறார். பஸ் ஓட்டுகிறார். முன் சீட்டில் மனைவி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவலையில்லாமல் தூங்கிக்கொண்டு

(டிரைவர் கண்ணெதிரில் உட்கார்ந்து தூங்கினால் அவருக்கும் கொட்டாவி வரும். இதுகூடத் தெரியாதா? — மனைவி)

இரண்டாவது முடிவு. ஃபெயில். குடை ஜன்னல். ஒவ்வொரு குடைக்கும் அவர் ஒரு சொந்தக்காரரைக் கற்பனை செய்கிறார். மழை பெய்கிறது. மிகவும் உருக்கமாக வந்தது, அதனாலேயே எறிந்தேன். கஷ்டப்பட்டுத் தாடையை நீட்டிய மனிதனை என் உருக்கத்துக்காக ஜன்னலில் உட்காரவைப்பது அநியாயம்.

மூன்றாவது முடிவு. அவர் மூச்சுக்கு மூச்சு ஒரு சின்ன விளக்கு எரிந்து அணைகிற மாதிரி ஒரு கருவி வாங்கி மாட்டுகிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

(விளக்கையே பார்த்துக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பாள். — மனைவி)

வேறு வழியில்லாமல், என் பிளேட்டை வாங்கப் போன அன்று மருத்துவரிடமே கேட்டேன். இந்தத் தடவை வாய் காலியாக இருந்தது.

"யாரு? ஓ, அவரா? டெஸ்ட் கருவியை வாங்கிட்டுப் போனாங்க. ரிசல்ட் தூக்க டாக்டருக்குத்தான் போகும். எனக்கு வராது. போன தடவை அவங்களே கொண்டுவந்து காட்டினாங்க, இந்தத் தடவை இன்னும் வரல."

"வேற ஒண்ணும் தெரியாதா?"

"போறப்ப அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க. கையை அவர் வயித்து மேல வச்சுக்கிட்டுப் படுத்தா டெஸ்ட் கெட்டுப்போகுமான்னு. வச்சுக்கலாம், தட்டக்கூடாதுன்னு சொன்னேன். வாயைத் திறங்க."

8

இனி நான் சொல்லப்போவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் நெஞ்சைச் சுற்றிப் பட்டை. விரலில் கிளிப். மூக்கின் கீழே மெல்லிய குழாய். பிளேட்டை மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்து, கையை அவர் வயிற்றின்மேல் வைத்தாள். வயிறு ஏறியது, இறங்கியது. தையலில் விரல் ஓடுவதுபோல அவள் கவனமாக இருந்தாள். எங்கும் விட்டுப்போகவில்லை. ஏறியது, இறங்கியது. அவர் தூங்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் தூங்குவதை அவள் இப்படி நிதானமாக அறிந்ததே இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவளும் தூங்கிப்போனாள்.

விழித்தபோது கை மெத்தையில் கிடந்தது. எப்போது நழுவியது என்று தெரியாது. அறையில் சத்தமே இல்லை.

கையை நீட்டினாள். பாதி தூரத்தில் நிறுத்தினாள். இந்தப் பதற்றத்தில் போகிற கை மெதுவாக இறங்காது, தட்டித்தான் தீரும் என்று அவளுக்குத் தெரியும். தட்டினால் அவர் விழிப்பார், மெஷின் அதைக் குறித்துக்கொள்ளும், பஸ் போய்விடும். தட்டாமல் விட்டு, அவர் மூச்சு உண்மையிலேயே நின்றிருந்தால்

இந்த வாக்கியத்தைப் பல நாள் முயன்றும் என்னால் முடிக்க முடியவில்லை. அவளாலும் ஒரு நாள்கூட முடிக்க முடிந்ததில்லை. முடிக்க முடியாமல்தான் இத்தனை வருஷமும் தட்டினாள்.

அவள் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. அதை எங்கே வைக்க வேண்டும் என்று நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொல்லுங்கள், அவர் தூங்குகிறார்.